டச்சுக்காரன் பேங்க் கட்டின ஊர்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் பழவேற்காடும்

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மூணாவது பாகத்துல டச்சு அணியை எடுத்து ஆடினவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா உங்களுக்கு பேங்க் ஞாபகம் இருக்கும். மத்த நாட்டுக்காரன் எல்லாம் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பிக் காசு எடுத்துக்கிட்டு இருப்பான். டச்சுக்காரன் ஒரு பேங்கைக் கட்டிட்டு சும்மா உட்கார்ந்திருப்பான், காசு தானா சொட்டிக்கிட்டே இருக்கும்.

அந்த டச்சுக்காரர்கள் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் கோட்டை கட்டி வாழ்ந்தவர்கள். ஊர் பேரு பழவேற்காடு. நீங்க ஞாயித்துக்கிழமை பைக்ல போய், பூநாரை பார்த்து, இறால் வறுவல் சாப்பிட்டு, போட்டோ எடுத்துட்டு வர்ற அதே பழவேற்காடு. இன்றைய எபிசோடில் அந்த கேமையும் இந்த ஊரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம். ஒரு பழைய கேமைப் புது கிராஃபிக்ஸோடு மறுபடி செய்கிறவர்கள் எதைத் தொடாமல் விடுகிறார்கள், எதை மாற்றுகிறார்கள் என்பதுதான் விஷயம். அந்தத் தேர்வு சரியா தப்பா என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசினால் பொத்தாம் பொதுவாகத்தான் போகும். ஏரிக்கரையில் நின்று கேட்டால் பதில் கொஞ்சம் கறாராக வரும்.

முதலில் கேமின் கதை. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 1997-ல் வெளியானது. இரண்டாவது பாகம் 1999-ல். நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பக்கத்து கேபினில் இருக்கும் நண்பனோட ஊரை எரித்தது இந்த இரண்டாவது பாகத்தில்தான். ஒரிஜினல் சிடி வாங்கினவன் யாரு? அதையெல்லாம் இப்போ கேட்கக் கூடாது.

அந்த 1999 கேமில் 13 நாகரிகங்கள் இருந்தன. பிரிட்டன், ஃபிராங்க், வைக்கிங், ஜப்பான், சீனா, பாரசீகம், மங்கோல் என்று ஒரு வரிசை. இந்தியா கிடையாது. யானை இருந்தது, ஆனா அது பாரசீகர்கள் கையில் இருந்தது. அடுத்த வருஷம் கான்கரர்ஸ் என்ற இணைப்பில் இன்னும் ஐந்து நாகரிகங்கள் வந்தன. அதிலும் நாம் இல்லை. இடைக்கால உலகத்தின் போர்களைப் பற்றிய கேமில் சோழர்களும் இல்லை, டெல்லி சுல்தான்களும் இல்லை. நாங்க யாரும் அப்போ அதைப் பெருசா எடுத்துக்கலை. ஜப்பான் எடுப்போம், இல்லாட்டி பாரசீகம். கிராமத்து ஆளை கிளிக் பண்ணினால் அவனவன் பாஷையில் ஒரு வார்த்தை சொல்வான். அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் ஆகிவிட்டது.

2009-ல் மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டூடியோவை மூடியது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் ரசிகர்கள். ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற பெயரில் ஒரு ரசிகர் குழு, யாரும் கேட்காமலே புது நாகரிகங்களைச் சேர்த்து ஒரு மாட் செய்தது. 2013-ல் ஹெச்.டி. பதிப்பு வந்தபோது அந்த மாட் அதிகாரப்பூர்வ இணைப்பாகவே வெளியானது. 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தபோது, அதைச் செய்த ஸ்டூடியோக்களில் முக்கியமானது அதே ஃபர்காட்டன் எம்பயர்ஸ். ரசிகனே மேஸ்திரி ஆன கதை இது.

அவர்கள் செய்ததைக் கவனியுங்க. படம் முழுக்கப் புதுசு. கட்டடம் இடியும்போது கல் கல்லாக உதிர்கிறது, பக்கத்தில் ஜூம் பண்ணிப் பார்க்கலாம், 4கே திரையில் துணியின் மடிப்பு வரை தெரிகிறது. ஆனால் ஒரு கிராமத்து ஆளை உருவாக்க 50 உணவு, 25 நொடி. 1999-லும் அதேதான், இப்பவும் அதேதான். ஆட்டத்தின் தாளம் மாறவில்லை. எதிராளியை நக்கல் அடிக்க எண் 11-ஐ அழுத்தினால் வரும் அந்தச் சிரிப்பு இருக்கிறது. இங்கிலீஷில் "இதை எப்படி ஸ்டார்ட் பண்றது" என்று டைப் பண்ணினால் வாளும் வில்லும் இருக்கிற காலத்தில் துப்பாக்கியோடு வந்து நிற்கும் கார் கூட இருக்கிறது. மாற்றியதெல்லாம் கை வலித்த இடங்களில். பழைய ஆட்டத்தில் வயல் தீர்ந்தால் நாமே மறுபடி விதைக்க வேண்டும். அதை ஞாபகம் வைத்துக்கொண்டே சண்டையும் போட வேண்டும். இப்போது அது தானே நடக்கிறது.

என் கணக்கில் இதுதான் சரியான வழி. பழைய கேமின் ஞாபகம் கண்ணில் இருப்பதை விடக் கையில்தான் அதிகம் இருக்கிறது. 2009-ல் மங்கி ஐலேண்ட் என்ற பழைய கேமைப் புதுப்பித்தவர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். எஃப்10 அழுத்தினால் பழைய படம், மறுபடி அழுத்தினால் புதுப் படம். பழைய படத்தைப் பார்த்தால் நமக்கே அதிர்ச்சியா இருக்கும். இவ்வளவு கட்டம் கட்டமாவா இருந்துச்சு? நம்ம மூளை இத்தனை வருஷமா அதுக்கு பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கு. ரீமேக் செய்கிறவன் போட்டி போட வேண்டியது பழைய கேமோடு இல்ல, நம்ம மூளை அடிச்ச அந்த பெயின்ட்டோடு.

இதில் சறுக்கியவர்களும் உண்டு. 2021 நவம்பரில் ஜி.டி.ஏ. பழைய மூன்று பாகங்களைச் சேர்த்து ஒரு டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தது. வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் எல்லாம் அதில் அடக்கம். பழைய சான் ஆண்ட்ரியாஸில் தூரத்தில் எப்போதும் ஒரு புகைமூட்டம் இருக்கும். அந்தக் காலத்து மெஷினுக்கு அவ்வளவு தூரம் வரைய முடியாததால் போட்ட திரை அது. ரீமேக்கில் அந்தத் திரையை விலக்கினார்கள். ஒரு மாநிலமே போல இருந்த ஊர், மலை மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய விளையாட்டு மைதானம் மாதிரி தெரிந்தது. கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை வேறு. ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, எடுத்துவிட்டிருந்த பழைய பதிப்புகளை மறுபடி தன் கடையில் வைத்தது. புகையைக் குறை என்று நினைத்து எடுத்தார்கள். ஊரைப் பெரிதாகக் காட்டியதே அந்தப் புகைதான்.

இதுவரை படம், சத்தம், தாளம். சரித்திரத்தை வைத்துச் செய்த கேமுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது சொல்லும் கதையே தப்பாக இருந்தால்?

2005-ல் வந்த மூன்றாவது பாகம் ஐரோப்பியர்கள் கடல் கடந்து போன காலத்தைப் பற்றியது. அதன் டெஃபினிட்டிவ் எடிஷன் 2020 அக்டோபரில் வந்தது. இந்த முறை கிராஃபிக்ஸோடு நிறுத்தவில்லை. அமெரிக்கப் பூர்வகுடி ஆலோசகர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு திருத்தினார்கள். இராக்வா என்று இருந்த பெயர் அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஹோடனோஷோனி ஆனது. சூ என்பது லகோட்டா ஆனது. பழைய ஆட்டத்தில் பூர்வகுடிகள் தீயைச் சுற்றி ஆடினால் மந்திரம் போல் பலன் கிடைக்கும். அதை எடுத்தார்கள். அவர்கள் தங்கச் சுரங்கம் தோண்டுவதையும் எடுத்தார்கள். நிலத்தைத் தோண்டுவதை எதிர்த்தே போராடிய மக்களைத் தோண்ட விட்டது பழைய கேம். "சின்ன வயசு ஞாபகத்தைக் கெடுக்கிறீங்க"ன்னு சிலர் சண்டைக்கு வந்தாங்க. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஒருத்தர் பெயரைச் சரியாகச் சொல்வதால் யாருடைய பால்யமும் கெட்டுப்போகாது.

ஆனால் இன்னொரு பெயரையும் மாற்றினார்கள். ஆட்டத்தில் இரண்டாவது கட்டத்துக்கு முன்பு காலனி யுகம் என்று பெயர். புதுப் பதிப்பில் அது வணிக யுகம். இந்த இடத்தில்தான் நாம் பழவேற்காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரைக்கு வந்தார்கள். விஜயநகர அரசர் வெங்கடரின் அனுமதியோடு 1610-ல் இங்கே கால் ஊன்றினார்கள். 1612-ல் போர்ச்சுகீசியர்கள் வந்து அடித்து நொறுக்கியபோது, மறுபடி எழுப்பி 1613-ல் கோட்டை ஆக்கினார்கள். பெயர் கெல்ட்ரியா. இங்கே அதிகாரியாக இருந்த வெம்மர் வான் பெர்க்கெம் என்பவரின் சொந்த மாகாணம் கெல்டர்லாண்ட், அதனால் அந்தப் பெயர். 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்குத் தலைநகர் இதுதான். பிறகுதான் நாகப்பட்டினம். சென்னையில் ஜார்ஜ் கோட்டைக்கு அடித்தளம் போட்டது 1640 வாக்கில். அதாவது மெட்ராஸ் என்ற பேச்சே இல்லாத காலத்தில் பழவேற்காடு உலக வரைபடத்தில் இருந்தது.

வந்தது எதுக்கு? துணிக்கு. இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் இருந்தன. அங்கே இருந்தவர்களுக்கு ஐரோப்பியச் சரக்கு பெரிதாக வேண்டாம், சோழமண்டலத்து நெசவுத் துணி வேண்டும். துணியை இங்கே வாங்கி, அங்கே கொடுத்து, மசாலாவை எடுத்துக்கொண்டு ஐரோப்பா போவது டச்சுக்காரன் கணக்கு. கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு இங்கிலீஷ் அகராதியில் இந்த ஊரின் பெயரே இருக்கிறது, புலிகாட் என்று. இங்கே வெடிமருந்து செய்தார்கள். நாணயமும் அடித்தார்கள். பேங்க் என்று கேமில் பார்த்தோமே, அதற்கு நிஜத்தில் கிட்டத்தட்ட நெருங்கி வரும் இடம் இந்த நாணயச் சாலைதான். ஆனா இங்கே காசு தானா சொட்டலை. ஒவ்வொரு காசுக்குப் பின்னாலும் முன்பணம் வாங்கிய நெசவாளி இருந்தார், சாயம் போட்டவர் இருந்தார், கரையிலிருந்து அலையைத் தாண்டிக் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோன படகோட்டி இருந்தார்.

இன்னொரு சரக்கும் இருந்தது. மனிதர்கள். 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பஞ்சம் அடுத்தடுத்து வந்தது. பசியிலும் கடனிலும் விற்கப்பட்டவர்களை டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கி, பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பல் ஏற்றியது. அந்த வியாபாரத்துக்கு பழவேற்காடு முக்கியமான வாசல். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் துணிக் கட்டுகள் மாதிரியே மனிதர்களுக்கும் எண்ணிக்கை உண்டு, விலை உண்டு.

இப்போ திரும்பி அந்தப் பெயர் மாற்றத்தைப் பாருங்க. காலனி என்ற சொல் உறுத்துகிறது என்று எடுத்துவிட்டு வணிகம் என்று போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள், அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பழவேற்காட்டில் நின்று பார்த்தால் வணிகம் என்பது காலனியை விட மென்மையான சொல், அவ்வளவுதான். டச்சுக் கம்பெனிக்காரனைக் கேட்டிருந்தாலும் "நாங்க வணிகம் பண்ண வந்தோம்"னுதான் சொல்லியிருப்பான். பூர்வகுடி விஷயத்தில் திருத்தம் உண்மைக்குப் பக்கத்தில் போனது. இந்த விஷயத்தில் உண்மையிலிருந்து ஒரு அடி தள்ளிப் போனது. பேங்க் புதுப் பதிப்பிலும் இருக்கிறது, இன்னும் அழகாக. செங்கல் செங்கலா தெரியுது. காசு எங்கிருந்து வருதுங்கிறது மட்டும் இப்பவும் தெரியலை.

ஊரில் மிச்சம் இருப்பது ஒரு கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள், உள்ளே கல்லில் டச்சு எழுத்துகளும் குலச் சின்னங்களும். கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடு. கோட்டைக்குப்பம் என்று ஒரு மீனவர் குடியிருப்பின் பெயரில் மட்டும் கோட்டை இன்னும் நிமிர்ந்து நிற்கிறது.

குப்பம் என்று வந்துவிட்டதால் இரண்டாவது பாகத்துக்குத் திரும்புவோம். அங்கே நடந்தது நமக்கு நல்ல செய்தி. 2013 இணைப்பில் இந்தியர்கள் என்று ஒரே ஒரு நாகரிகம் வந்தது. மொத்தத் துணைக்கண்டத்துக்கும் ஒரே சட்டை. 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா அந்தச் சட்டையைப் பிரித்துத் தைத்தது. பழைய இந்தியர்கள் ஹிந்துஸ்தானிகள் ஆனார்கள். கூடவே வங்காளிகள், குர்ஜரர்கள், திராவிடர்கள் என்று மூன்று புது நாகரிகங்கள். ராஜேந்திர சோழனின் கதையாகவே ஒரு தொடர் ஆட்டம். முதல் முறையாக கிராமத்து ஆளை கிளிக் பண்ணினால் அவன் தமிழில் பேசினான்! 23 வருஷமா ஜப்பான் பாஷையும் பாரசீகமும் கேட்டுக்கிட்டிருந்த காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இல்லாத ஒன்றின் மேல் ஏக்கம் வர முடியுமா என்றால், வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

குறை இல்லாமல் இல்லை. சோழர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரம் எல்லாரும் ஒரே பையில். சுருள் வாள் வீரனுக்கு உருமி என்று கேரளப் பெயர். போர்க்கப்பலுக்குத் திரிசடை என்று பெயர். நமக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்ன அம்மாதான் முதலில் ஞாபகம் வருவார். அவர் பெயரில் எதிரி துறைமுகத்தை எரிப்பது கொஞ்சம் வேடிக்கைதான். திராவிடர்கள் எல்லாரும் பேசுவது தமிழ் மட்டும். ஆனால் பழவேற்காடு ஏரியையே எடுத்துக்குங்க. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, ஒரே தண்ணீரில் தமிழும் தெலுங்கும் புழங்குகிறது. இந்த ஏரியை கேமில் போட்டால் பாதிப் படகுகள் பாஷை மாறிப் பேசும்.

ஆனால் ஒரு விஷயத்தில் வடிவமைத்தவர்கள் சரியான இடத்தில் கை வைத்தார்கள். திராவிடர்களுக்குக் கொடுத்த சலுகைகளில் ஒன்று மீன். அவர்களுடைய மீன்பிடிப் படகும் கரையில் மீன் பிடிக்கும் ஆளும் ஒரு நடையில் 15 உணவு கூடுதலாகக் கொண்டுவர முடியும். அடுத்த யுகத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் 200 மரம் இனாம். மரம் என்றால் படகு. குதிரைப் படையில் மட்டம், தண்ணீரில் கெட்டி. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கரையோரம் போனவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

அதே சமயம் அந்த ஆட்டத்தின் மீன்பிடியில் ஒரு பழைய விதி 1999-லிருந்து அப்படியே இருக்கிறது. மீன் கூட்டத்தை முதலில் கண்டவனுக்கு அது சொந்தம். அதில் இருக்கும் உணவு தீரும் வரை அள்ளலாம், தீர்ந்ததும் அந்த இடத்தில் மீன் இருக்காது. அடுத்து 100 மரம் செலவழித்து மீன் பொறி போட வேண்டும். வேகமாகத் துறை கட்டியவன் ஜெயித்தான்.

பழவேற்காட்டில் விதி வேறு. அதற்குப் பெயர் பாடு. கடல் ஏரிக்குள் வரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை உரிமையுள்ள குப்பங்கள் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். நல்ல படகு வைத்திருப்பவன் முந்திக்கொள்ள முடியாது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இதற்குள்ளும் சண்டை உண்டு. பாடு உரிமை பரம்பரையாகச் சில குப்பங்களுக்கு மட்டும்தான். வெளியே நிற்பவர்கள் "ஏரி எல்லாருக்கும் பொதுதானே"ன்னு கேட்கிறாங்க, அதுவும் நியாயமான கேள்விதான். இருளர் மக்கள் வலையும் இல்லாமல் படகும் இல்லாமல், ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கிறார்கள். கேமில் அந்த வேலைக்கு ஒரு பொத்தானும் கிடையாது.

மைக்ரோசாஃப்ட் பாடு முறையை கேமில் சேர்க்கணும்னு நான் சொல்ல வரலை. சீட்டுக் குலுக்கி ஆடினால் அது வேற ஆட்டம், நீங்களே பத்து நிமிஷத்துல மூடி வெச்சுடுவீங்க. முந்தினவனுக்கே மீன் என்ற விதிதான் இந்த கேமின் தாளம், அதைத் தொட்டால் அந்த 25 நொடியைத் தொட்ட மாதிரி. ஆனால் இதே கேமில் முதல் நாளிலிருந்து ஒரு கதவு திறந்தே இருக்கிறது: சினாரியோ எடிட்டர். உங்களுக்கு வேண்டிய நிலம், தண்ணீர், படகு எல்லாம் நீங்களே வரையலாம், விதியையும் ஓரளவு எழுதலாம். ரசிகர்கள் அப்படி நோண்ட ஆரம்பித்ததால்தான் இந்த கேம் ஸ்டூடியோ மூடியும் சாகாமல் இருக்கிறது.

யாராவது பழவேற்காட்டை வரையணும்னா, மேப் ரொம்பக் கஷ்டம் இல்லை. கிழக்கே கடல், நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்ற நீளமான தீவு, அதற்கு உள்பக்கம் ஆழமில்லாத ஏரி. தெற்கு முனையில் முகத்துவாரம். சிக்கல் அங்கேதான் வரும். நிஜத்தில் அந்த வாய் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அப்போது கடல் தண்ணீர் உள்ளே வராது, படகு வெளியே போகாது, இறாலும் குறையும். தூர் வாரித் தரச் சொல்லி மீனவர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாதாரண ஆட்டத்தில் ஒரு முறை வரைந்த தண்ணீர் கடைசி வரை தண்ணீராகவே இருக்கும். அடைக்கவும் திறக்கவும் ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் மேப்பை அப்லோட் பண்ணிட்டு எங்களுக்கு ஒரு மெயில் போடுங்க. டச்சுக் கோட்டையை வைப்பதா வேண்டாமா என்பதையும் நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. வைத்தால் பக்கத்தில் தறிகளையும் வையுங்க.